உதவுகிற பிள்ளையும் உறுதியான உத்தியோகமும்

கடந்த சனிக்கிழமை களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் ஏறி மகளுடன் என் தொழில் வழிகாட்டல் அறைக்கு வந்திருந்த அம்மாவுக்கு, அன்று நேரம் போதாமல் பாதியில் நின்றுபோன விளக்கத்தை எழுத்தில் தருகிறேன். இதே கேள்வியோடு வருகின்ற பெற்றோர் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பலர் இருப்பதால், நீங்கள் சம்மதித்தபடி, பெயர் விவரம் எதுவுமின்றி இதைப் பொதுவிலும் வைக்கிறேன்.

நீங்கள் கேட்டது இதுதான்: "இவள் எல்லாருக்கும் ஓடியோடி உதவுறவள் சேர், ஆனா சரியான பயந்த பிள்ளை. பென்சன் உள்ள உத்தியோகமா ஒன்றைச் சொல்லுங்க." உதவும் குணத்தை அவளுடைய பலமாகவும் பயத்தைப் பலவீனமாகவும் பிரித்துச் சொன்னீர்கள். அன்று என் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டும் ஒன்றாகப் பின்னிக்கிடந்த ஒரே குணம்.

எந்த வகை வேலையில் நாட்டம் என்பதைக் காட்டும் விருப்பறி வினாத்தாளை அவள் நிரப்பிக்கொண்டிருந்தபோது மின்விசிறிக் காற்றில் என் மேசையிலிருந்த தாள்கள் பறந்தன. நாம் இருவரும் குனிவதற்கு முன்பே அவள் எழுந்து அவ்வளவையும் பொறுக்கி, பக்க எண் பார்த்து அடுக்கி, மேலே என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பாரமாக வைத்தாள். வைத்த கையோடு, "நான் பிழையா நிரப்பிட்டனா சேர்?" என்று கேட்டாள். அந்தத் தாளில் சரி, பிழை என்று எதுவும் இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். ஆனாலும் மூன்று விடைகளை அவள் அழிறப்பரால் தாள் தேயும்வரை அழித்து எழுதியிருந்தாள். ஒவ்வொரு முறை அழிப்பதற்கு முன்பும் உங்கள் முகத்தை ஒருதரம் பார்த்தாள்.

ஊரில் சீட்டுக் கட்டுவதை நீங்கள் அறிவீர்கள். மாதாமாதம் கட்டுகின்றவர், தமக்கு ஒரு தேவை வருகின்ற நாளில் அந்தப் பணம் கைக்கு வரும் என்று நம்பியே கட்டுகிறார். உங்கள் மகள் உதவியைக் கொண்டு சீட்டுக் கட்டுகிறாள். எல்லாருக்கும் வேண்டியவளாக இருந்துவிட்டால் எவரும் தன்னைக் கைவிட மாட்டார்கள் என்பது அவளுடைய மனக்கணக்கு. இதனால் அவளுடைய அன்பு பொய்யாகிவிடாது. அன்பு எங்கே முடிகிறது, கணக்கு எங்கே தொடங்குகிறது என்பது அவளுக்கே தெரியாது. இந்தச் சீட்டில் உள்ள சிக்கல் ஒன்றுதான்: தாமும் அதில் ஓர் ஆள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. ஆகையால் அவள் எதிர்பார்க்கும் நாளில் அவர்கள் திருப்பித் தருவதுமில்லை.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய உளப்பகுப்பாய்வாளர் கேரன் ஹார்னி இதை 1945 ஆம் ஆண்டிலேயே தெளிவாக விளக்கியிருக்கிறார். உலகம் தனக்குப் பாதுகாப்பற்றது என்று சிறுவயதில் உணர்கின்ற பிள்ளை, மனிதரை நோக்கி நகரலாம், மனிதரை எதிர்த்து நிற்கலாம், அல்லது மனிதரைவிட்டு விலகிப் போகலாம் என்று அவர் மூன்று போக்குகளைச் சொன்னார். முதலாவது போக்கில் உள்ளவர் பணிந்தும் உதவியும் பிறருடைய ஒப்புதலைப் பெற்றுத் தம் அச்சத்தைத் தணித்துக்கொள்கிறார்.

இப்போது இளைஞர்களிடையே பேசப்படுகின்ற எனியகிராம் என்ற ஒன்பது வகை ஆளுமைப் பகுப்பில், இரண்டாம் வகையினர் உதவுவோர் என்றும் ஆறாம் வகையினர் பாதுகாப்பை நாடுவோர் என்றும் குறிக்கப்படுகின்றனர். ஒன்பது வகைகளையும் வைத்து வரைகின்ற வட்டத்தில் இவ்விரு வகைகளும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. எனினும் ஒன்று, இரண்டு, ஆறு ஆகிய மூன்றையும் ஹார்னி சொன்ன முதற்போக்கின் கீழ் ஒருசேர வைக்கின்ற வழக்கம் உண்டு. எனியகிராமுக்கு உறுதியான ஆய்வுப் பின்புலம் குறைவு என்பதால், அதைச் சாதகக் குறிப்புப் போலக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க வேண்டாம். ஆனால் அது எழுப்புகின்ற ஒரு கேள்வி பயனுள்ளது. உங்கள் மகள் உதவி செய்து, பெற்றவர் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போனால், அவளுக்கு மனம் நோகிறதா, அல்லது "நான் ஏதும் பிழை செய்திட்டனா?" என்று பதற்றம் வருகிறதா? நோகின்றவர் அன்பைத் தேடி உதவுகிறார். பதறுகின்றவர் பாதுகாப்பைத் தேடி உதவுகிறார். என் அறையில் நான் கேட்டது இரண்டாவது குரல்.

தொழில் தேர்வுக்கு நான் பெரிதும் நம்புவது ஜோன் ஹோலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959 இல் முன்வைத்த ஆறு விருப்ப வகைகளையே. யதார்த்தம், ஆய்வு, கலை, சமூகம், முயற்சியாண்மை, மரபொழுங்கு என்ற அந்த ஆறு வகைகளும் ஓர் அறுகோணத்தில் அந்த வரிசையிலேயே நிற்கும். உங்கள் மகளுக்குச் சமூகமும் மரபொழுங்கும் உயர்ந்து வந்தன. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் முயற்சியாண்மையே, அதாவது முன்னின்று கேட்பதும் பேரம் பேசுவதும் மறுப்பதும் தலைமை தாங்குவதும் சேர்ந்த மூலையே, அவளுக்கு மிகத் தாழ்ந்திருந்தது. உதவவும் வேண்டும், ஒழுங்கும் வேண்டும், ஆனால் "இது என்னால் ஏலாது" என்று சொல்ல வாய் வராது: அவளுடைய தாளை நான் வாசித்த விதம் இது.

இந்த அச்சத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட பாட்டியும், யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் உறவுகளை இழந்த தாயும் உள்ள வீட்டில் வளர்கின்ற பிள்ளை, நிலையான சம்பளத்தைத் தேடாமல் வேறு எதைத் தேடும்? 2022 இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றதை அவளே பார்த்திருக்கிறாள்.

இதில் நானும் ஒருமுறை தவறினேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே சாயலுள்ள ஒரு யுவதியை ஒரு நுண்கடன் நிறுவனத்தின் கள உத்தியோகத்தர் வேலைக்கு விண்ணப்பிக்கும்படி நானே சொன்னேன். மாதச் சம்பளம் உண்டு, ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் பங்கு 8 சதவீதமும் நிறுவனத்தின் பங்கு 12 சதவீதமும் போகும், நாள்தோறும் கிராமத்துப் பெண்களோடு பழகலாம். பாதுகாப்பும் சேவையும் ஒன்றாய் அமைந்த வேலை என்று கணக்குப் போட்டேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் தவணை கட்ட முடியாமல் அழுத பெண்களுக்காகத் தன் சம்பளத்திலிருந்தே அவள் தவணை கட்டத் தொடங்கினாள். மேலதிகாரியிடம் சொல்லப் பயம், அந்தப் பெண்களிடம் மறுக்கவும் மனமில்லை. எட்டு மாதத்தில் வேலையை விட்டபோது அவள் காதிலிருந்த தோடு அடகில் இருந்தது. உதவ நினைக்கின்றவருக்கும் உதவி கேட்கின்றவருக்கும் நடுவில் கடன் புத்தகத்தை வைக்கின்ற வேலை இப்படிப்பட்ட பிள்ளையை அறுத்துவிடும் என்பதை நான் முன்கூட்டியே கண்டிருக்க வேண்டும்.

அதன் பிறகு வேலையின் பெயரைவிட, அந்த வேலையில் உதவிக்கு எல்லை போடுபவர் யார் என்பதையே முதலில் பார்க்கிறேன். உங்கள் மகள் உயிரியல் பிரிவில் படித்தவள் என்பதால் தாதியர் துறையை எடுத்துக்கொள்வோம். வார்டில் ஒரு நோயாளி வலி தாங்காமல் இன்னொரு ஊசி கேட்டுக் கெஞ்சினால், தாதி முதலில் பெட் ஹெட் ரிக்கெற்றை, அதாவது அந்த நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டைப் பார்க்கிறார். கடைசி மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, வைத்தியர் எந்த அளவு எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டு, நேரமாகவில்லை என்றால் மறுக்கிறார், தேவைப்பட்டால் வைத்தியரை அழைக்கிறார். அங்கே மறுப்பை அவர் வாய் சொன்னாலும், அதற்குப் பின்னால் விதி நிற்கிறது. வேலைமுறை முடிந்ததும் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். தானாக எல்லை போடத் தெரியாத பிள்ளைக்கு எல்லை போட்டுத் தருகின்ற தொழில் இது. அரச தாதியர் பயிற்சி மூன்று ஆண்டு. அதற்கான வர்த்தமானி அறிவித்தலைத் தவறவிடாதீர்கள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கின்ற இசட் புள்ளி கைகொடுத்தால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் தாதியர் பட்டப்படிப்பும் உண்டு.

ஆசிரியத் தொழிலும் பொருந்தும். தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் முதல் நியமனம் வீட்டுக்கு அருகில் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். புதிய ஊரில், பழகிய முகம் ஒன்றுமில்லாத பாடசாலையில், விழா என்றாலும் விளையாட்டுப் போட்டி என்றாலும் எல்லா வேலையும் அவள் தலையில்தான் விழும். அவளும் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்வாள். அதற்கு அவளைத் தயார்ப்படுத்திய பின்பே அனுப்ப வேண்டும். தரகுப் பணத்தில் ஓடும் காப்புறுதி விற்பனையும், முதலாளி ஒருவரின் மனநிலையைப் பார்த்து நடக்க வேண்டிய சிறு கடைக் கணக்கு வேலையும் அவளுக்கு வேண்டாம்.

மருத்துவத்துக்காக உயர்தரப் பரீட்சையை மூன்றாவது தடவையும் எழுத வைக்கலாமா என்று போகும்போது கேட்டீர்கள். மூன்று தடவை எழுத விதியில் இடமிருக்கிறது. எழுதத் தனக்கு விருப்பமா என்று அவளிடம் நான் கேட்டேன். "அம்மாக்கு விருப்பம்" என்றாள். அதை விடையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த சந்திப்புக்கு முன் வீட்டில் ஒன்றைச் செய்து பாருங்கள். வாரத்தில் ஒருநாள், அவளுக்குச் செய்ய விருப்பமில்லாத ஒரு சிறு வேலையை அவளிடம் கேளுங்கள். அவள் மறுத்தால் "சரி மகள்" என்று சொல்லிவிட்டு, அன்று இரவு வழமைபோல அவளுக்குச் சோறு போட்டுக் கொடுங்கள். மறுத்த பின்னும் எதுவும் மாறவில்லை என்பதை அவள் கண்ணால் காண வேண்டும். முதல் இரண்டு வாரம் மறுக்கவே மாட்டாள், பரவாயில்லை.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை அதே வினாத்தாளின் புதிய பிரதி ஒன்றை மேசையில் வைத்திருப்பேன். அன்று நீங்கள் வெளியே வாங்கில் இருங்கள்; அவள் மட்டும் உள்ளே வரட்டும்.