மணாலி – லே: வழியில் கிடைக்கும் துணையை நம்பலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். ஊட்டி, கொல்லிமலை எல்லாம் சைக்கிளில் ஏறியிருக்கிறேன். செப்டம்பர் 10-ஆம் தேதி மணாலியில் கிளம்பித் தனியாக லே வரை போகத் திட்டம். தனியாக விடமாட்டேன் என்கிறார் மனைவி. 9,000 ரூபாய் முன்பணம் கட்டினால் ஒரு குழுவில் சேர்த்துவிடுவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். கட்டலாமா? வழியிலேயே வேறு சைக்கிள்காரர்கள் கிடைப்பார்களா? முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து போவது சரியா?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். வழியில் ஆள் கிடைக்கும், சேர்ந்தும் போகலாம். ஆனால் தேதியை மாற்ற வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த ரோட்டில் நான் ஏழு முறை ஓட்டியிருக்கிறேன். ஒருமுறைகூட முழுக்கத் தனியாகப் போய்ச் சேர்ந்ததில்லை. காரணம் சுலபம். தார்ச்சாவைத் தாண்டிவிட்டால், லடாக்கில் ரும்ட்சே வரும்வரை ஊர் என்று எதுவும் கிடையாது. ஜிங்ஜிங்பார், பரத்பூர், சர்ச்சு, பாங், தேப்ரிங் என்று கோடைக்கு மட்டும் போடுகிற தாபா கூடாரங்கள்தான். ராத்திரி தலை சாய்க்க இடம் அவ்வளவே என்பதால், காலையில் யார் எங்கே கிளம்பினாலும் சாயங்காலம் ஒரே கூடாரத்தில் வந்துதான் விழுவார்கள். ஸ்பிதியிலிருந்து குன்சும் கணவாய் ஏறி வருகிற ஐரோப்பியர்கள், கல்கத்தாப் பையன்கள், புனேக்காரர்கள் என்று யாராவது ஒருவர் நிச்சயம் இருப்பார். பைக்கில் போகிறவர்களுக்குக் கணக்கே இல்லை.

உண்மையிலேயே ஆளில்லாத இடம் ஆரம்பத்தில்தான் வரும். ரோதாங் கணவாய்க்கு அடியில் போகும் அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறந்ததிலிருந்து லே போகும் வண்டிகள் அதற்குள் போய்விடுகின்றன. ரோதாங் உச்சியிலிருந்து கோக்சருக்கு இறங்கும்போது ஒரு ஈ காக்கை இருக்காது. அங்கே பயந்துபோய் மணாலிக்குத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் கேலாங் வரை போய்விடுங்கள். அங்கே ஆள் கிடைக்கும்.

உங்களோடு சேர்ந்து வருகிறவரைவிட எதிரே வருகிறவர்தான் அதிகம் உதவுவார். லேவிலிருந்து வருகிற சைக்கிள்காரர் நீங்கள் நாளைக்கும் மறுநாளும் பார்க்கப்போவதை நேற்றே பார்த்தவர். தயங்காமல் கை காட்டி நிறுத்துங்கள். எந்தத் தாபா இன்னும் திறந்திருக்கிறது, எந்த நாலாவில் (அங்கே ஓடையை அப்படித்தான் சொல்வார்கள்) தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, எத்தனை மணிக்குத் தாண்டினார் என்று கேளுங்கள். நேரத்தையும் கேட்கச் சொல்வது ஏனென்றால், வெயில் ஏற ஏறப் பனி உருகும். காலை ஏழு மணிக்குக் கணுக்கால் நனைகிற ஓடை, மதியம் மூன்று மணிக்கு முழங்காலைத் தாண்டி இழுக்கும்.

சேர்ந்து ஓட்டுவது பற்றி. முதல் நாளே 'லே வரை சேர்ந்தே போவோம்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, மறுநாளைக்கு மட்டும் பேசிக்கொள்ளுங்கள். கூடாரம், அடுப்பு, பஞ்சர் சாமான், சாப்பாடு எதையும் பங்கு பிரிக்காதீர்கள். 'நீ டென்ட் கொண்டு வா, நான் ஸ்டவ் கொண்டு வருகிறேன்' என்று கிளம்பிய இரண்டு பேர், ஒருவருக்கு ஸ்போக் உடைந்து 30 கிலோமீட்டர் பின்தங்கிய அன்றைக்குப் படுகிற பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. கேலாங்கிலேயே இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: தார்ச்சாவில் ரோடு பிரிகிறது, சிங்கு லா ('லா' என்றால் கணவாய்) வழியாக ஜன்ஸ்கார் போகிறீர்களா, லேவுக்கா? இதைக் கேட்காமல் துணை சேர்ந்தவர் தார்ச்சாப் பாலத்தருகே டாட்டா காட்டிவிட்டு நிற்பார்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ராத்திரி எந்த உயரத்தில் தூங்குவது என்பதை இன்னொருவர் முடிவு செய்ய விடாதீர்கள். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால் படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும். மலை நோய் (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருவது) வராமலிருக்க இந்தக் கணக்கை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர், ஜிங்ஜிங்பார் சுமார் 4,270. உடம்பு தெம்பாக இருக்கிறவர்கள் இதை ஒரே நாளில் ஏறிவிடுவார்கள். 'வாங்க அண்ணா, நாலு மணிக்குள் போய்விடலாம்' என்று உங்களையும் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். ஜிஸ்பாவில் ஒரு நாள் இருந்துவிட்டு, அடுத்த இரவை இடையில் பட்சியோவில் கழியுங்கள். அவர்கள் போகட்டும். பின்னால் வேறு ஆள் வருவார்.

இப்போது உங்கள் வாட்ஸ்அப் ஆசாமிக்கு வருகிறேன். இவர்களைப் பற்றி நான் எழுதாத வருஷம் கிடையாது. ஒருமுறை நானும் இப்படிக் கட்டினேன். எட்டுப் பேர் வருகிறார்கள், கூடவே ஜீப் வரும், ஆக்சிஜன் இருக்கும் என்றார்கள். மணாலியில் போய் இறங்கினால் மூன்று பேர். ஜீப்பை இன்னொரு கும்பலோடு பங்கு போட்டிருந்தார்கள். அது எப்போதும் எங்களுக்கு 40 கிலோமீட்டர் முன்னால் இருந்தது. ஆக்சிஜன் என்று காட்டியது, கடையில் விற்கிற சின்ன ஸ்ப்ரே டப்பா. அதில் இருப்பது சில லிட்டர். நிமிஷக் கணக்கில் தீர்ந்துவிடும். மலை நோய் வந்தவனுக்கு அதை மூக்கில் வைத்துவிட்டு 'சரியாகிவிடும்' என்று உட்கார வைப்பது கொலைக்குச் சமம். கோபத்தில் சொல்லவில்லை, யோசித்தே சொல்கிறேன்.

'சைக்கிளுக்குப் பர்மிட் எடுத்துத் தருகிறேன், 600 ரூபாய்' என்று ஒருவர் மணாலி மால் ரோட்டில் உங்கள் தோளில் கை போடுவார். ரோதாங் பர்மிட் மோட்டார் வண்டிக்குத்தான். மணாலி–லே நெடுஞ்சாலையில் போக இந்தியக் குடிமகனுக்கு இன்னர் லைன் பர்மிட்டும் (எல்லைப் பகுதிக்குள் போவதற்கான அனுமதி) தேவையில்லை. ஆதார் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு நேரே ஓட்டுங்கள். அதேபோல் தாபாவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் 'தலைவலியா, இதைப் போடுங்கள்' என்று நீட்டுகிற மாத்திரையை வாங்காதீர்கள். மலை நோயைத் தடுக்கக் கொடுக்கும் டயாமாக்ஸ் மாத்திரை பற்றி ஈரோட்டிலேயே உங்கள் டாக்டரிடம் பேசிவிடுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல்லுங்கள்.

துணையைப் பிரிய வேண்டுமென்றால் தயங்காமல் பிரியுங்கள் என்று சொன்னேன். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

ஜிங்ஜிங்பாரில் ஒரு சாயங்காலம். என்னோடு இரண்டு நாளாக ஓட்டிவந்த புனேப் பையன், வயது 26, என்னைவிட வேகமானவன். கூடாரத்துக்குள் வந்து ஷூவைக் கழற்ற உட்கார்ந்தான். நாடாவின் நுனியைப் பிடிக்கிறான், விரல் நழுவுகிறது. மறுபடி பிடிக்கிறான், நழுவுகிறது. சிரித்தான். குளிர் என்றான். காலையிலிருந்து தலைவலி, இரண்டு முறை வாந்தி என்பது கேட்ட பிறகுதான் வந்தது. தாபாவில் விரித்திருந்த கம்பளத்தின் ஓரக் கோட்டில் ஒரு குதிகாலை இன்னொரு கால் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் கூடாரக் கம்பத்தின் மேல் சாய்ந்தான். மூளையில் நீர் கோக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. சுற்றியிருந்தவர்கள் 'களைப்பாக இருக்கும், தூங்கட்டும், காலையில் பார்க்கலாம்' என்றார்கள். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காமலே போகிறவர்கள் உண்டு.

உங்கள் கூட்டாளிக்கு நேர்க்கோட்டில் நடக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இவற்றில் எது ஒன்று தெரிந்தாலும் அவரை விட்டுப் போகக் கூடாது. பழக்கம் இரண்டு நாளா இரண்டு மணி நேரமா என்பது கணக்கே இல்லை. ராத்திரியானாலும் வண்டி பிடித்துக் கீழே இறக்க வேண்டும். தனியாக அனுப்பக் கூடாது. கூடவே நீங்களும் போக வேண்டும். நோய் வந்தவனுக்குத் தனக்கு நோய் என்று தெரியாது, பாதி வழியில் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று இறங்கிவிடுவான். மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் கூடாது. இடத்தையும் பார்க்க வேண்டும். ஜிங்ஜிங்பாரிலிருந்து கேலாங் ஆஸ்பத்திரி வரை இறக்கம். சர்ச்சு அப்படி அல்ல. சர்ச்சு ஒரு கிண்ணம் மாதிரி. மணாலிப் பக்கம் திரும்பினால் ஏறக்குறைய 4,890 மீட்டர் பாரலாச்சா கணவாய், லேப் பக்கம் போனால் நகீ லா, அதற்கு மேல் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா. இறங்க வேண்டுமென்றாலும் முதலில் ஏறியாக வேண்டும். அதனால் சர்ச்சுவுக்குள் நுழையும் முன்பே, பாரலாச்சாவுக்கு இந்தப் பக்கமே ஒருவரை ஒருவர் கோட்டில் நடக்கவிட்டுப் பார்த்துவிடுங்கள். பாங்கில் சேர்ந்துவிட்டால் ராணுவ முகாம் இருக்கிறது. மருத்துவ உதவி கேட்டால் மறுப்பதில்லை.

அன்று ஒரு டெம்போவைப் பிடித்து அவனோடு கேலாங் வந்தேன். சைக்கிள்கள் இரண்டும் தாபாக்கார தீதியிடம் (அக்காவிடம்) இருந்தன. மூன்று நாள் கழித்துப் போனபோது மழை படாமல் தார்ப்பாய் போர்த்திக் கட்டி வைத்திருந்தார். ஒரு பம்புகூடக் குறையவில்லை.

அந்த ராத்திரி அவன் வீட்டுக்குச் சொல்ல முடியாமல் நான் தவித்த தவிப்பு தனி. தார்ச்சாவுக்கு அப்பால் உப்ஷி வரை நம்பக்கூடிய சிக்னல் கிடையாது. லடாக்கில் நுழைந்துவிட்டால் சிக்னல் இருந்தாலும் உங்கள் தமிழ்நாட்டு ப்ரீபெய்ட் சிம் செத்த சிம். போஸ்ட்பெய்டு மட்டும்தான் அங்கே உயிரோடு இருக்கும். ஆதார் கொடுத்து, கைரேகை வைத்து வாங்கிய சிம் சொந்த நாட்டுக்குள்ளேயே ஊமையாகிவிடுகிறது. பாதுகாப்பு என்கிறார்கள். 5,000 மீட்டரில் துணையில்லாமல் கிடக்கிற ஆளுக்கு எந்தப் பாதுகாப்பு? வருஷா வருஷம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் கிளம்பும் முன் போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள். கேலாங்கிலேயே ரொக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கப்பால் லே வரை ஏ.டி.எம்.மையோ யு.பி.ஐ.யையோ நம்பிச் சாப்பிட உட்காராதீர்கள்.

இனி தேதி. செப்டம்பர் 10 தாமதம். நான் சொன்ன கணக்கில் ஓட்டினால் பாங் பக்கம் நீங்கள் போய்ச் சேரும்போது மாதம் பாதி தாண்டியிருக்கும். அப்போது கூடாரங்களைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள், ஓட்டுகிறவர்களும் குறைந்துவிடுவார்கள். தண்ணீர் கிடைக்காத மோரே சமவெளி 40 கிலோமீட்டர், மதியத்துக்கு மேல் காற்று மூஞ்சியில் அறையும். தாபா மூடிவிட்டால் அங்கே ஒருவரும் இல்லை. ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் மணாலியில் இருங்கள்.

உங்கள் மனைவிக்கு ஒரு வழி சொல்கிறேன். சின்னச் சீட்டுகளாகப் பத்து வெட்டி, ஒவ்வொன்றிலும் அவருடைய செல் நம்பரையும் உங்கள் பெயரையும் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தார்ச்சாவுக்கு மேல் போனதும், எதிரே வருகிற சைக்கிள்காரர், பைக் ஓட்டுகிறவர், லாரி டிரைவர் யாரிடமாவது தினமும் ஒன்றைக் கொடுங்கள். அன்றைய தேதியையும் நிற்கிற இடத்தையும் கொடுக்கும்போதே எழுதிவிடுங்கள். 'கேலாங் போனதும் இந்த நம்பருக்கு, இந்த இடத்தில் பார்த்தேன், நன்றாக இருக்கிறார் என்று ஒரு மெசேஜ் போடுங்கள்' என்று கேளுங்கள். நான் கொடுத்த சீட்டுகளில் முக்கால்வாசி வீடு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆங்கிலத்திலோ இந்தியிலோ மெசேஜ் வரும் என்று மட்டும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.