தூரிகைப் பதில்கள்

கேள்வி: வசந்தகாலக் காட்டுப்பூக்கள் நிறைந்த புல்வெளி ஒன்றை இம்ப்ரெஷனிஸ்ட் பாணியில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினேன். ஒவ்வொரு பூவையும் கவனமாக வைத்தும், படம் பூப்போட்ட துணியைப் போலத் தட்டையாக இருக்கிறது. என்ன காரணம்?

பதில்: புல்வெளிக்கு முன்பாகவே பூக்களைத் தீட்டத் தொடங்கியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. இம்ப்ரெஷனிஸ்ட் பாணியின் முன்னோடியான பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே 1873இல் தீட்டி, இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘பாப்பி மலர்கள்’ ஓவியத்தின் நல்ல படியொன்றை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு பூவுக்குக்கூட இதழோ காம்போ வரையப்பட்டிருக்காது. வெறும் சிவப்புத் திட்டுகள்தாம். முன்னே இருப்பவை அளவுக்கு மீறிப் பெரியவை, சரிவில் ஏற ஏறச் சிறுத்துவிடுகின்றன. படத்தின் மறுபாதியோ நீலம் கலந்த பச்சையில் பெரும்பாலும் அமைதியாகவே விடப்பட்டிருக்கிறது. ஆழத்தைத் தருவது இந்த ஏற்றத்தாழ்வுதான். எல்லா இடத்திலும் ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில் பூக்களைத் தூவினால் அந்த ஆழம் காணாமல் போய்விடும்.

ஆகவே வானம், மரவரிசை, புல்வெளி ஆகியவற்றின் ஒளி அளவுகளை, அதாவது எது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருள் என்பதை, முதலில் டர்பன்டைன் (வண்ணத்தை நீர்க்கச் செய்யும் திரவம்) கலந்த மெல்லிய வண்ணத்தால் நிறுவிக்கொள்ளுங்கள். தொலைவுப் பச்சையைச் சற்றே வெளிறியதாகவும் நீலம் சார்ந்ததாகவும் வையுங்கள். பூக்களைக் கடைசியில், எண்ணெய் சேர்க்காத கெட்டியான வண்ணத்தை நிறைய எடுத்து, ஒரே தொடுதலில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். ஈரப் பச்சையின் மேல் சிவப்பை இருமுறை தேய்த்தால் பழுப்புதான் மிஞ்சும் என்பதால், சில தொடுதல்களுக்கு ஒருமுறை தூரிகையைத் துடைப்பது அவசியம். சிவப்பும் பச்சையும் எதிர்நிறங்கள்; அருகருகே நின்றால் ஒன்றை மற்றொன்று தூக்கிக் காட்டும் என்பதை வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். பூ குறைவாக இருந்தாலும் புல்வெளி செழிப்பாகத் தெரிவது இதனால்தான். (வெள்ளைப் பூக்களுக்குத் தூய வெள்ளையை வெயில் படும் இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள், நிழலில் அவை நீலச் சாம்பலாகவே தெரியும்.)

கேள்வி: வெளியில் அமர்ந்து தீட்டும்போது, படம் முடிவதற்குள் வெயில் மாறிவிடுகிறதே?

பதில்: மாறத்தான் செய்யும். ஒளி மாறியதும் அந்தக் கான்வாஸை நிறுத்திவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் தொடருங்கள். நிழல்களைத் துரத்திக்கொண்டே போனால், காலையும் மாலையும் ஒரே படத்தில் வந்து சேரும். மோனே 1890களின் தொடக்கத்தில் வைக்கோற்போர்களைத் தீட்டியபோது பல கான்வாஸ்களை உடன் வைத்துக்கொண்டு, ஒளிக்கேற்ப மாற்றி மாற்றி வேலை செய்தார்.

கேள்வி: வார்னிஷ் எப்போது பூசலாம்?

பதில்: கெட்டியாக வைத்த பூக்கள் மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். குறைந்தது ஆறு மாதம், தடித்த இடங்கள் அதிகமென்றால் ஒரு வருடம் பொறுத்திருங்கள்.