படிவத்தில் பொய் எழுதாதீர்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் குடியுரிமை வாங்கி வாக்காளராக இருப்பவன் நான். ஆளுநர் தேர்தலில் ஒரு வேட்பாளருக்காக வேலை செய்யும் நாற்பது பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். வேட்பாளர்களின் டிவி விவாதத்துக்குப் பொதுமக்கள் கேள்வி அனுப்பலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் பன்னிரண்டு கேள்விகளை எழுதி, ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பாதி எங்கள் வேட்பாளர் ஜொலிப்பதற்கு, பாதி எதிராளியை மடக்குவதற்கு. 'யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்துவிட்டீர்களா?' என்று படிவத்தில் இருக்கிறது. எல்லோரும் 'இன்னும் இல்லை' என்று போடச் சொல்கிறார்கள். எதிர்த்தரப்பும் இதைத்தான் செய்யும் என்கிறார்கள். எனக்கு நிஜமாகக் கேட்க வேண்டியது சொத்து வரி பற்றி. அது நம் ஆளுக்கே சங்கடம், வேண்டாம் என்றுவிட்டார்கள். என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், எடிசன் நகர், நியூ ஜெர்சி)

பதில்: குழு எழுதித் தந்ததை அனுப்பாதீர்கள். உங்கள் சொந்தக் கேள்வியை அனுப்புங்கள்.

கட்சிக்காரர் என்பதால் கேள்வி கேட்கும் உரிமை போய்விடாது. கூடி உட்கார்ந்து எதைக் கேட்கலாம் என்று பேசுவதும் தப்பில்லை. படிவத்தில் 'இன்னும் இல்லை' என்ற கட்டத்துக்குள் குறியிடச் சொல்கிறார்களே, அங்கேதான் விஷயம் கெடுகிறது. உண்மையிலேயே குழம்பிக்கொண்டு, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று டிவி முன்னால் உட்காருகிற ஒருவருக்காக ஒதுக்கிய இரண்டு நிமிடத்தை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்.

அந்த இரண்டு நிமிடத்தின் மதிப்பு தெரிய வேண்டுமானால் 1992 அக்டோபர் 15-க்குப் போக வேண்டும். வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்மண்ட் நகரம். அப்போதைய அதிபர் சீனியர் புஷ், அவரை எதிர்த்து நின்ற பில் கிளிண்டன், சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ மூவரும் மேடையில். அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தில் பொதுமக்கள் வட்டமாக உட்கார்ந்து நேரடியாகக் கேள்வி கேட்டது அதுதான் முதல்முறை. யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாதவர்களாகப் பார்த்து, கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் சுமார் 200 பேரை அழைத்து வந்திருந்தது. ஓர் இளம்பெண் எழுந்தார். தேசியக் கடன் (அதாவது அரசாங்கம் வாங்கிய கடன்) உங்கள் மூவர் வாழ்க்கையையும் நேரடியாக எப்படிப் பாதித்திருக்கிறது, பாதிக்கவில்லை என்றால் எங்கள் கஷ்டத்துக்கு உங்களால் எப்படி வழி சொல்ல முடியும் என்று கேட்டார்.

கவனியுங்கள், அந்தக் கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. அவர் சொல்ல வந்தது தேசியக் கடனை அல்ல, நாட்டில் அப்போது இருந்த பொருளாதார மந்தத்தை. புஷ் வட்டி விகிதம் பற்றிப் பேசத் தொடங்கி, கேள்வி தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று தடுமாறினார். அந்தப் பெண் விடவில்லை. வேலை போனவர்களைத் தெரியும், வீட்டுக் கடனும் கார் தவணையும் கட்ட முடியாதவர்களைத் தெரியும் என்றார். கிளிண்டன் இருக்கையை விட்டு எழுந்து அவர் பக்கமாக நடந்து வந்து, உங்களை எப்படிப் பாதித்தது என்று இன்னொரு முறை சொல்லுங்கள் என்று அவரிடமே கேட்டார். புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் கேமராவில் பதிவாகிவிட்டது. அந்தத் தேர்தலைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அந்தச் சில நிமிடங்களைத் தொடாமல் போவதில்லை.

உங்கள் குழுவிடம் அந்தக் கேள்வி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'கடன்' என்பதை 'மந்தம்' என்று திருத்தியிருப்பார்கள். கூடவே ஒரு புள்ளிவிவரம் சேர்த்திருப்பார்கள். புஷ்ஷும் தயாராக வைத்திருந்த பதிலை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். வேலை போனவர்கள் நடுவில் வாழ்கிற ஒரு மனுஷி தனக்குத் தெரிந்த வார்த்தையில் கேட்டதால்தான் மூன்று பேரில் யார் காதுகொடுத்துக் கேட்கிறார் என்று ஊருக்குத் தெரிந்தது.

இப்போது மறுபக்கம். 2007 நவம்பர் 28, ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சிஎன்என்னும் யூடியூபும் சேர்ந்து நடத்திய விவாதம், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவர்களுக்கானது. மக்கள் அனுப்பிய வீடியோக்கள் மட்டும் சுமார் 5,000. அதில் ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஜெனரல் ஒருவர், தன்பாலீர்ப்பாளர்கள் வெளிப்படையாக ராணுவத்தில் பணிசெய்யத் தடை ஏன் என்று கேட்டார். அவரும் தன்பாலீர்ப்பாளர், பல்லாண்டு சீருடையில் இருந்தவர். அவரைவிட அதைக் கேட்கத் தகுதியானவர் யார்? ஆனால் அவர் எதிர்த்தரப்பான ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளிண்டனை ஆதரிக்கும் ஒரு குழுவில் உறுப்பினர் என்பது அன்றிரவே தெரிந்துவிட்டது. முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கேள்வியை எடுத்திருக்க மாட்டோம் என்றது சிஎன்என், மறு ஒளிபரப்பில் வெட்டியும் விட்டது. யாரும் தன்னை அனுப்பவில்லை என்று அவர் சொன்னதை எத்தனை பேர் கேட்டார்கள்? அடுத்த சில நாள்கள் பேச்சு முழுக்க 'இவரை அனுப்பியது யார்' என்பதுதான். ராணுவத்தில் அந்தத் தடை 2011 செப்டம்பரில்தான் நீங்கியது. 2007-லேயே நாடு கேட்டிருக்க வேண்டிய நியாயமான கேள்வி, கேட்டவரின் பின்னணி முன்கூட்டியே சொல்லப்படாததால் அடிபட்டுப் போனது.

அதே மாதம் அயோவாவின் நியூட்டன் நகரில் இன்னொன்று. ஹிலாரி கிளிண்டனின் கூட்டத்தில் புவி வெப்பமாதல் பற்றிக் கேட்ட கல்லூரி மாணவி, அந்தக் கேள்வியைப் பிரசார ஊழியர்தான் தந்தார் என்று பிறகு சொல்லிவிட்டார். பிரசாரக் குழுவும் ஒப்புக்கொண்டு, இனி நடக்காது என்றது. நல்ல கேள்விதான். சொந்தமாகவே யாராவது கேட்டிருப்பார்கள். இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண்ணை இழுத்து விட்டதுதான் மிச்சம்.

ஆள் பலத்தால் கேள்வியை மேலே தள்ளிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2009 மார்ச்சில் ஒபாமா இணையம் வழியாகக் கேள்வி வாங்கினார். ஒரு லட்சத்துக்கு மேல் வந்து குவிந்தன. கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கச் சொல்பவர்கள் கூட்டமாக வாக்களித்துத் தங்கள் கேள்விகளை உச்சிக்குக் கொண்டுபோனார்கள். ஒபாமா சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று ஓரிரு வரியில் முடித்துவிட்டார்.

எங்கள் அனுபவத்தையும் சொல்கிறேன். இந்தப் பகுதிக்கு ஒருமுறை ஏழு கடிதங்கள் வந்தன. ஏழு பெயர், ஏழு ஊர். ஏழிலும் 'பொறுப்பு' என்பது 'பொருப்பு' என்றே இருந்தது. ஏழையும் ஒதுக்கி வைத்தேன். அதில் ஒருவராவது மனம் நொந்து எழுதியிருக்கலாம் என்ற உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை. விவாதத்துக்குக் கேள்வி பொறுக்குகிற இடத்திலும் இதேதான் நடக்கும். ஒரே வார்த்தைகள் நாலைந்து படிவங்களில் வந்தால் எல்லாமே ஓரமாகப் போகும்.

எதிர்த்தரப்பும் செய்யும் என்கிறீர்கள். செய்யட்டும். அவர்களுடைய பொய் அவர்கள் படிவத்தில் இருக்கும், உங்களுடையது உங்கள் பெயரில் இருக்கும். நாளைக்கு நிருபர் ஒருவர் உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்து, அந்த வேட்பாளரின் சட்டையைப் போட்டுக்கொண்டு நீங்கள் நிற்கும் படத்தை எடுத்துப் போட்டால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் வேட்பாளர். அவருக்கு இதைவிடப் பெரிய கெடுதலை எதிராளியால்கூடச் செய்ய முடியாது.

அப்புறம் சொத்து வரி. நாட்டிலேயே அதிகமாகச் சொத்து வரி கட்டுகிற மாநிலம் உங்களுடையது. அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. இது உங்கள் ஆளுக்குச் சங்கடமான கேள்வி என்றால், ஜெயித்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அது சங்கடமாகத்தான் இருக்கும். இப்போதே பதில் தேடிவைக்கச் சொல்லுங்கள். படிவத்தில் 'முடிவு செய்துவிட்டேன்' என்று குறியிடுங்கள். கேள்வியை இப்படி எழுதலாம்: "நான் உங்களுக்காகத் தெருத்தெருவாகக் கதவு தட்டுகிறவன், ஓட்டும் உங்களுக்குத்தான். என் வீட்டு வரி ரசீதில் எவ்வளவு குறையும், அதனால் பள்ளிக்கூடத்துக்குக் குறைகிற பணம் எங்கிருந்து வரும்?"