பெரட்டு மணி ஏன் கேட்கல? மைன்கிராஃப்ட் சர்வரில் சொந்தச் சத்தம்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டுக்கு ஒரு சர்வர் நடத்துகிறோம். லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஆயாக்கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), பெரட்டுக் களம் (காலையில் பேர் கூப்பிடும் இடம்) என்று பழைய ரப்பர் தோட்டத்தையே அதில் கட்டியாகிவிட்டது. விடிந்ததும் பெரட்டு மணி அடிக்கும். அதைக் கேட்டுவிட்டு வந்த கேள்விகள் இவை. மணியை அடிக்க வைக்கும் பிளக்கினை (சர்வரோடு சேர்க்கும் துணை நிரல்) எழுதியவன் நான் என்பதால் பதிலும் என் தலையில்.

கூலிம் தம்பி: அண்ணே, சத்தம் போடச் சொல்ற பிளேசவுண்ட் வரி சரியாத்தான் எழுதியிருக்கேன். எரரும் வரல, சத்தமும் வரல.

பிளக்கின் சத்தத்தை அனுப்பாது தம்பி, சத்தத்தோட பேரை மட்டுந்தான் அனுப்பும். பெரட்டுல தண்டல் பேர் கூப்பிடுற மாதிரி. ஆள் களத்துல நின்னாத்தான் குரல் வரும். இங்க களம்னா விளையாடுறவங்க கணினியில இறங்கியிருக்கிற ரிசோர்ஸ் பேக், அதாவது சத்தம், படமெல்லாம் அடங்கின ஸிப் ஃபைல். அதுக்குள்ள சத்தங்களோட பட்டியலான சவுண்ட்ஸ்.ஜேசன்ல எழுதின பேரும் நீ கூப்பிடுற பேரும் எழுத்துப் பிசகாம ஒன்னா இருக்கணும். ஆங்கிலச் சின்ன எழுத்துதான், தமிழ்ல பேர் வச்சா ஏத்துக்காது. குடும்பப் பேர் மாதிரி முன்னால வர்ற நேம்ஸ்பேசையும் விட்டுடாத. சர்வரோட லாகை (பதிவு ஃபைலை) தோண்டிப் பிரயோசனமில்ல. உன் கணினியில இருக்கிற கிளையன்ட் லாகைப் பாரு, இந்தப் பேர்ல சத்தமே தெரியாதுன்னு ஒரு வரி கிடக்கும்.

தெலுக் இந்தான் தங்கச்சி: கோயில் உறுமியை ரெக்கார்டு பண்ணிப் போட்டேன். கோயில்ல மட்டும் கேட்கணும், ஆனா எங்க போனாலும் அதே சத்தம்!

ஸ்டீரியோவா இருக்கும்மா. எங்க மணியும் முதல் நாள் இப்படித்தான் மானத்தை வாங்குச்சு. பால்மரக் காட்டுக் கடைசியில நின்னவனுக்கும் காதுக்குள்ளயே அடிச்சுது. தூரம் போகப் போகக் குறையணும்னா ஃபைல் மோனோவா இருக்கணும். ஆடாசிட்டிங்கிற ஒலி எடிட்டர்ல திறந்து, ரெண்டு சேனலையும் மோனோவாக் கலந்து, ஓஜிஜி வோர்பிஸா எக்ஸ்போர்ட் பண்ணு. எம்பி3யோட பேரை மட்டும் மாத்திட்டு ஏமாந்துடாத.

அதே தங்கச்சி: அப்போ வால்யூமை 10 வச்சா பலமாக் கேட்குமா?

கேட்காது. 1க்கு மேல போனா தூரந்தான் கூடும். 1ன்னா 16 பிளாக், 3ன்னா 48 பிளாக். பலம் வேணும்னா ஃபைல்லயே ஏத்திக்கோ.

காப்பார் நண்பர்: பேக்கை மாத்திட்டேன், பழைய சத்தமே வருது.

சர்வரோட அமைப்பு ஃபைலான சர்வர்.ப்ராப்பர்ட்டீஸ்ல எஸ்எச்ஏ-1 மாத்தினீங்களா? அது பேக்கோட கைரேகை மாதிரி. 40 எழுத்து இருக்கும். ஸிப்பைத் தொட்டாலே அது மாறிடும். இன்னொன்னு, ஃபோல்டரோட சேர்த்து ஸிப் பண்ணாதீங்க. பேக்கோட விவரம் இருக்கிற பேக்.எம்சிமெட்டா ஃபைல், ஸிப்பைத் திறந்ததும் முதல்லயே தெரியணும்.

லூனாஸ் தம்பி: முழுப் பாட்டு போடலாமா?

சவுண்ட்ஸ்.ஜேசன்ல ஸ்ட்ரீம்னு ஒரு வரி இருக்கு, அதை 'ட்ரூ'ன்னு வை. இல்லாட்டி முழுசையும் மெமரியில ஏத்தும்.

சிகாமட் தம்பி: என் கூட்டாளிங்க எல்லாம் கைப்பேசி. கெய்சர் வழியாத்தான் வர்றாங்க.

கெய்சர், கைப்பேசியில ஓடுற பெட்ராக் பதிப்புக்காரங்களைக் கணினியில ஓடுற ஜாவா பதிப்பு சர்வருக்குள்ள விடுற பிளக்கின். ஜாவா பேக் அவங்களுக்குப் போகாது. பெட்ராக் பேக் தனியாச் செஞ்சு கெய்சரோட பேக்ஸ் ஃபோல்டர்ல போடணும். ரெட்டை வேலைதான், என்ன பண்றது.

கூலிம் தம்பி: அண்ணே, கடைசியா ஒன்னு. அது நெசமாவே தோட்டத்து மணியா?

எங்க போய் எடுக்கிறது? அங்க இப்போ செம்பனைதான் நிக்குது. மாமா பட்டறையில ஒரு இரும்புத் துண்டைக் கயித்துல தொங்கவிட்டு ஸ்பேனரால தட்டினேன். சைக்கிள் பெல் மாதிரி கீச்சுன்னு வந்துச்சு. பிட்சை (சுருதியை) 0.5லேருந்து 2 வரைக்கும் வைக்கலாம், நான் 0.7ல வச்சேன். சத்தம் தடிச்சு, கொஞ்சம் நீண்டும் போச்சு. தாத்தாகிட்ட ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். "இன்னும் ரெண்டு அடி அடிக்கணும்டா"ன்னாரு. அதையும் சேர்த்தாச்சு.