ஹூண்டாய் ஐ20 முன்சக்கரத்தில் பிரேக் பேட் மாற்றும்போது டிஸ்க் ஸ்க்ரூ ஒன்று தலை பிய்ந்து கழலவில்லை, காலிபரின் கீழ் போல்ட் தலையும் மழுங்கிவிட்டது. வீட்டிலேயே எடுக்க முடியுமா?

முடியும். கேள்வியில் சொல்லியிருப்பது ஹூண்டாய் ஐ20 முன்சக்கரம்: டிஸ்க்கைப் பிடித்திருக்கும் ஸ்டார் ஸ்க்ரூ ஒன்றின் தலை பிய்ந்துவிட்டது, காலிபரின் (பேட்டுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) கீழ் போல்ட் மழுங்கிவிட்டது. இரண்டுமே உடைந்துபோனாலும் புதிது வாங்கிப் போட்டுக்கொள்ளக்கூடிய சாமான்கள்தான். அதனால் இவற்றின் மேல் தாராளமாகப் பலத்தைக் காட்டலாம். அதே காலிபரில் இருக்கும், பிரேக் ஆயிலிலிருந்து காற்று எடுக்கும் நிப்பிளும், பிரேக் பைப்பின் நட்டும் அப்படியல்ல. எதில் கை வைக்கும் முன்பும் "இது முறிந்தால் எதை மாற்ற வேண்டியிருக்கும்?" என்று பார்த்துவிடுங்கள்.

முதலில் டிஸ்க் ஸ்க்ரூ. சக்கரம் மாட்டும்வரை டிஸ்க் நகராமல் இருக்கத்தான் அது. மாட்டிய பிறகு டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பது வீல் நட்டுகள்தான். பெரும்பாலும் இந்த ஸ்க்ரூவில் பிடித்துக்கொள்வது மரை அல்ல. கூம்பு வடிவத் தலை டிஸ்க்கின் குழிக்குள் உட்கார்ந்து, சுற்றிலும் துரு ஏறி ஒட்டிக்கொள்கிறது. ஆகவே முறுக்குவதைவிட அடிப்பதுதான் வேலை செய்யும்.

தலையின் பள்ளத்தில் இருக்கும் துருவையும் மண்ணையும் ஊசியால் கிளறி எடுங்கள். வீட்டில் இருக்கும் ஸ்டார் டிரைவர் பெரும்பாலும் 2ஆம் நம்பர். இதற்கு 3ஆம் நம்பர் பிட் வேண்டும். தலைகள் பிய்வதற்குப் பாதிக் காரணம் இந்த நம்பர் குழப்பம்தான். பிட்டைப் பள்ளத்தில் வைத்து ஒரு கிலோ சுத்தியலால் நேராக நாலைந்து அடி. பிறகு சுத்தியால் அடிக்கும் வகை இம்பாக்ட் டிரைவரை இடப்பக்கம் திருப்பி வைத்து, கையால் இடப்பக்கமே முறுக்கிப் பிடித்தபடி அடியுங்கள். ஒவ்வோர் அடியும் பிட்டை உள்ளே அழுத்திக்கொண்டே கொஞ்சம் திருப்பும். பேட்டரி இம்பாக்ட்டில் அந்த அழுத்தம் நம் கையிலிருந்துதான் வர வேண்டும். அதனால் மிச்சமிருக்கும் பள்ளத்தையும் அது வழித்துவிடலாம்.

அதற்கும் அசையவில்லையென்றால் தலையை டிரில் போட்டு எடுத்துவிடுங்கள். நடுவில் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. பிட்டில் வழி போட்டு, கடைசியாக மரையின் விட்டத்தைவிட அரை மி.மீ. பெரிய பிட். வேகம் குறைவாக, சொட்டு எண்ணெய் விட்டு. தலை தனியாகச் சுழன்று பிட்டோடு வந்துவிடும். டிஸ்க்கை உருவினால் ஹப்பில் (டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பாகம்) சில மி.மீ. நீளத்துக்குத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். இழுவை போய்விட்டதால் வைஸ் கிரிப் பிளையரில் பிடித்துத் திருப்பினாலே பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் ஹப்போடு சமமாகத் தேய்த்துவிட்டு மற்ற ஸ்க்ரூவை மட்டும் மாட்டினால் போதும். ஈஸி அவுட் (உடைந்த ஸ்க்ரூவில் துளை போட்டு உள்ளே திருகி எடுக்கும் கருவி) பக்கமே போகாதீர்கள். அது கடினப்படுத்திய எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் ஏறாது.

ஸ்க்ரூ போன பிறகும் டிஸ்க் ஹப்பை விடவில்லையா? டிஸ்க் முகப்பில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கிறதா பாருங்கள். மாருதி கார்களில் 8 மி.மீ. போல்ட் ஏறும் துளைகள் உண்டு. இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கினால் டிஸ்க் தானே வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

இனி காலிபர் போல்ட். பின்பக்கம் இருப்பதால், வெளியிலிருந்து கையை வளைத்துத் திருப்பும்போது திசை தலைகீழாகத் தெரியும். கழற்றுவதாக நினைத்து இறுக்கியே மழுங்கடிப்பவர்கள் நிறையப் பேர். போல்ட் தலைக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்து இடப்பக்கம் முடிவுசெய்யுங்கள். இரண்டாவது தவறு, பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் அல்லது வாய் திறந்த ஸ்பேனர். இங்கே ஆறு முனை சாக்கெட்தான். ஸ்லைடு பின் (காலிபர் சறுக்கி நகரும் கம்பி) போல்ட் பெரும்பாலும் 12 அல்லது 14, பிராக்கெட் (காலிபரைத் தாங்கும் சட்டம்) போல்ட் 17. ஸ்லைடு பின் கூடவே சுற்றினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அதன் தட்டையான பக்கத்தை மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் கீழ் போல்ட்தான் மழுங்கியிருக்கிறது. மேல் போல்ட்டைக் கழற்றினால் பல காலிபர்கள் கீழ்ப்பின்னில் சுழன்று திறந்துவிடும், பேட் மாற்ற அதுவே போதும். டிஸ்க்கும் மாற்ற வேண்டுமென்றால் 17 நம்பர் போல்ட் இரண்டையும் கழற்றி, பிராக்கெட்டோடு மொத்தமாக இறக்கி, காலிபர் பிரேக் ஓஸில் தொங்காமல் கம்பியில் கட்டிவிடுங்கள். பிறகு மழுங்கிய போல்ட்டை வெளிச்சத்தில், நேராகப் பார்த்து எடுக்கலாம்.

எடுக்கும் முறை: 14க்கு 13, 17க்கு 16 என ஒரு சைஸ் சின்ன ஆறு முனை சாக்கெட்டைத் தலைமேல் சுத்தியால் அடித்து இறக்குங்கள். அடிக்கும் சத்தம் கனமாக மாறும்போது அடியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். முதலில் துளி இறுக்கி, பிறகு கழற்றுங்கள். உள்ளே திருகு வரி வெட்டிய எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் கிடைத்தால் இன்னும் நல்லது. நீளமான பைப் போட்டு இழுப்பதாக இருந்தால் வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கக் கூடாது; ஸ்டாண்ட் கட்டாயம்.

துரு இளக்கும் எண்ணெய் என்றால் உடனே டபிள்யூடி-40தான் எல்லோருக்கும் நினைவு வரும். அதன் சாதாரண டப்பாவைவிட, துரு இளக்குவதற்கென்றே விற்கும் பெனிட்ரேட்டிங் ஆயில் நன்றாக ஊடுருவும். முந்தைய நாள் இரவே அடித்து வையுங்கள். பேட்டில் பட்டால் அந்த பேட் குப்பைக்கு.

பிராக்கெட் போல்ட்டில் சில சமயம் மரைப் பசை (போல்ட் தானாகக் கழலாமல் பிடிக்கும் பசை) இருக்கும். கடினமான வகை இளகச் சுமார் 250 டிகிரி சூடு வேண்டும். காலிபரை விலக்கிவிட்டு, கேஸ் டார்ச்சை பிராக்கெட்டின் மேல் மட்டும் காட்டுங்கள். ரப்பர், ஏபிஎஸ் சென்சார் ஒயர் பக்கம் தீ போகக் கூடாது. பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சூடே வேண்டாம். குளோரின் கலந்த வகை சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷ வாயுவைத் தரும், கலக்காத வகை தீப்பிடிக்கும்.

நிப்பிளும் பைப் நட்டும்: பேட் மாற்ற நிப்பிளைத் திறக்கவே தேவையில்லை, காலிபருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளினால் போதும். அப்போது பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிப்பிள் உள்ளே துளை கொண்டது, சட்டென்று முறியும். முறிந்தால் பல நேரம் காலிபரையே மாற்ற நேரும். திறந்தே ஆகவேண்டுமென்றால் ஆறு முனை சாக்கெட், தலையில் லேசான தட்டு, துளிதுளியாக முன்னும் பின்னும். பைப் நட்டுக்கு ஃபிளேர் நட் ஸ்பேனர் (பைப் நுழைய மட்டும் வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர்) மட்டும்தான். நட்டோடு பைப்பும் முறுக்குவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

திரும்ப மாட்டும்போது மழுங்கிய எதையும் மறுபடி போடாதீர்கள். ஹப் முகப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஆன்டி சீஸ் (பாகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பேஸ்ட்) மெல்லியதாக ஒரு பூச்சு. டிஸ்க் ஸ்க்ரூவுக்கும் அதுவே. ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். முறுக்கு அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிடுங்கள். பிஸ்டனைத் தள்ளிய பிறகு முதல் சில மிதிக்கு பிரேக் இருக்காது.