கணக்கருக்குச் சங்கம் எதற்கு? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

நகராட்சி வரவு செலவுத் திட்டத்தை எப்படி வாசிப்பது என்று நீங்கள் எழுதியதை எங்கள் பிரிவில் எல்லோரும் படித்தோம். நான் தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கணக்கராகப் பதவி உயர்வு கிடைத்து அதிக நாள் ஆகவில்லை. பொறுப்பேற்ற கையோடு சங்கத்திலிருந்து வந்து உறுப்பினர் படிவத்தை நீட்டினார்கள். ஆண்டுச் சந்தா, மாநாட்டு நன்கொடை, காலண்டர், டைரி. "சேர்ந்துடுங்கம்மா, நாளைக்கே ஒரு டிரான்ஸ்பர்னா யார் வருவா?" என்கிறார்கள். என் கணவரோ, "ஆபீஸ் உண்டு வீடு உண்டுன்னு இரு, சங்கம் கிங்கம்னு போய் பெயரைக் கெடுத்துக்காதே" என்கிறார்.

இதற்கிடையில், நான் இந்த இருக்கைக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பு கொடுத்த முன்பணங்கள் (செலவுக் கணக்கு காட்டி முடிக்கப்படாமல்) சரிக்கட்டப்படாமல் கிடக்கின்றன என்று என்னிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்துவிட்டது. பழைய கோப்புகள் கிடைக்கவில்லை. ராத்திரி தூக்கமில்லை. உள்ளாட்சிக் கணக்கர்களுக்கு ஒரு சங்கம் என்று இருந்தால் அது என்ன செய்யும்? என்ன செய்ய வேண்டும்? தணிக்கையில் இருந்தவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன். என் பெயரும் ஊரும் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

சேருங்கள். ஆனால் டிரான்ஸ்பருக்காகச் சேராதீர்கள்.

உங்கள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வவுச்சர்களைப் புரட்டியவன் நான். அங்கிருந்து பார்த்தபோது தெரிந்தது கணக்கரின் தனிமை. ஒரு நகராட்சியில் வரி வசூலிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். பொறியியல் பிரிவிலும் சுகாதாரப் பிரிவிலும் கூடிப் பேச ஆள் உண்டு. கணக்கர் மட்டும் ஒருவர். ஒப்பந்ததாரரின் பட்டியலை, அதாவது பில்லை, அளந்து எழுதுவது ஒருவர், பரிந்துரைப்பது ஒருவர், ஒப்புதல் கொடுப்பது ஒருவர். ஆணையர் மாறிப் போவார், பொறியாளர் மாறிப் போவார். தணிக்கைத் தடை (தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபம்) வரும்போது மட்டும் எல்லோர் கையும் கணக்குப் பிரிவை நோக்கி நீளும். இந்தத் தனிமையை உடைப்பதுதான் கணக்கர் சங்கத்தின் முதல் வேலை.

ஒரு ஊரில் எழுதிய அதே தணிக்கைப் பத்தியை அடுத்த ஊரிலும் எழுதியிருக்கிறேன். அதே தவறு, அதே காரணம், வேறு நகராட்சி. பக்கத்து ஊர்க் கணக்கரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் இரண்டாவது பத்திக்கு வேலையே இருந்திருக்காது.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். ஜிஎஸ்டி சட்டத்தின் 51-ஆவது பிரிவுப்படி 2018 அக்டோபர் 1 முதல் உள்ளாட்சி அமைப்புகள் ஒப்பந்ததாரர் பட்டியலில் 2 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழித்துக்கொள்ளும் வரி) பிடித்தாக வேண்டும். ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம். மார்ச் கடைசி வாரத்தில் மேசை மேல் பட்டியல்கள் குவிந்து கிடக்கும். அதில் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு ஒரு பட்டியல். "ரெண்டரைக்கு உள்ளதானே" என்று பிடிக்காமல் அனுப்பிவிடுவார் ஒரு கணக்கர். அது 6 லட்ச ரூபாய் ஒப்பந்தத்தின் பகுதிப் பட்டியல். பார்க்க வேண்டியது ஒப்பந்த மதிப்பை, கையில் இருக்கும் பட்டியலின் தொகையை அல்ல. இன்னொரு ஊரில் வரியையும் சேர்த்த மொத்தத் தொகைக்கு 2 சதவீதம் பிடித்துவிட்டு ஒப்பந்ததாரரோடு மல்லுக்கு நிற்பார்கள். வரியை நீக்கிய மதிப்புக்குத்தான் பிடித்தம். பிடித்ததை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கட்டி, ஜிஎஸ்டிஆர்-7 என்ற மாதக் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். கட்டத் தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அந்த வட்டியை நகராட்சி நிதியிலிருந்து கட்டினால், மக்கள் பணத்தில் ஏன் கட்டினீர்கள் என்று தணிக்கையில் கேட்போம். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இது ஒரே ஒரு பக்கத்தில் எழுதி முடிக்கக்கூடிய விஷயம். எந்தப் பட்டியலுக்கு எவ்வளவு, எதன் மேல், எந்தத் தேதிக்குள் என்று நான்கு மாதிரிக் கணக்கோடு ஒரு சுற்றறிக்கை தயாரித்து எல்லா உறுப்பினர் கைக்கும் போகச் செய்கிற சங்கம், மாநாட்டுப் பந்தலுக்குச் செலவழிக்கும் சங்கத்தைவிட உங்களுக்குப் பத்து மடங்கு நன்மை செய்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கான 1 சதவீதம், வருமான வரிப் பிடித்தம், வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுக்கும் முறை என்று இப்படி எழுத வேண்டியவை நிறைய. வருமான வரிச் சட்டமே 2025-இல் புதிதாக எழுதப்பட்டுப் பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. ஒவ்வொரு கணக்கரும் தனித்தனியாக இதைத் தேடிப் படித்துத் தடுமாற வேண்டுமா?

அடுத்தது இதைவிடக் கடினம். நம் நகராட்சிகளில் வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று மூன்று நிதிக் கணக்குகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். மாதக் கடைசியில் சம்பளத்துக்கு வருவாய் நிதியில் பணம் இருக்காது. "குடிநீர் நிதியில இருந்து எடுத்துப் போடுங்க, மானியம் வந்ததும் திருப்பிக்கலாம்" என்று வாய்மொழியாக உத்தரவு வரும். மானியம் வரும். திருப்புவதற்குள் வேறொரு அவசரம் வந்துவிடும். சில வருஷம் கழித்து, குடிநீர் மோட்டார் எரிந்துபோய் ஊரே குடத்தோடு தெருவில் நிற்கும்போது அந்த நிதியில் பணம் இருக்காது. சொன்னவர் அப்போது அந்த ஊரிலேயே இருக்க மாட்டார்.

தனியாக நிற்கும் கணக்கர் இந்த உத்தரவை மறுத்தால் "பிடிவாதக்காரி" என்று பெயர் வரும். மாவட்டத்தில் உள்ள அத்தனை கணக்கர்களும், வாய்மொழி உத்தரவு எதுவானாலும் அன்றே கோப்பில் குறிப்பாக எழுதி, எந்தத் தேதிக்குள் திருப்பப்படும் என்பதையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குவது என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டால்? அப்போது அது ஒருவரின் பிடிவாதமாகத் தெரியாது, கணக்குப் பிரிவின் நடைமுறையாகிவிடும். எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தாலே பாதி உத்தரவுகள் வராது. இந்த வழக்கத்தைக் கூடிப் பேசி, மாதிரிக் குறிப்பு ஒன்றும் எழுதி உறுப்பினர்களுக்குக் கொடுக்கச் சங்கத்தால்தான் முடியும். இதை எழுதும்போது, நேர்மையாக இருந்தும் தனியாக மாட்டிக்கொண்ட சில முகங்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. அவர்களுக்குப் பின்னால் அப்படி ஒரு வழக்கம் இருந்திருக்க வேண்டும்.

மற்ற நாடுகளில் உள்ளாட்சிக் கணக்கர்கள் கூடியது இதற்காகத்தான். இங்கிலாந்தில் நகராட்சிப் பொருளாளர்களும் கணக்கர்களும் 1885-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் அரசப் பட்டயம் பெற்று, இன்று சிப்ஃபா என்ற பெயரில் பொதுத்துறைக் கணக்கியலுக்குத் தேர்வு நடத்தித் தகுதி வழங்குகிறது. அந்நாட்டு உள்ளாட்சிகள் எந்த விதிப்படி கணக்கு எழுத வேண்டும் என்பதை வகுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. அமெரிக்காவில் 1906-இல் தோன்றிய அரசு நிதி அலுவலர் சங்கம், 1945 முதல் தெளிவாகவும் முழுமையாகவும் ஆண்டறிக்கை வெளியிடும் உள்ளாட்சிகளுக்குச் சான்றிதழ் கொடுத்து வருகிறது. அந்தச் சான்றிதழைப் பெறுவது அங்கே ஒரு நகரத்துக்கே பெருமை.

நம்மிடமும் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது. இரட்டைப் பதிவு முறையில், நிலுவை அடிப்படையில் (பணம் கைமாறும் வரை காத்திராமல், வர வேண்டியதையும் தர வேண்டியதையும் அப்போதே பதிந்து) நகராட்சிக் கணக்குகளை எழுதத் தொடங்கியதில் தமிழ்நாடு முன்னோடி. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அந்த மாற்றம் நடந்தபோது, அதுவரை ரொக்க வரவு செலவு மட்டும் எழுதிப் பழகியவர்கள் திடீரென்று சாலைக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் மதிப்புப் போட்டு, நகராட்சியின் சொத்தும் கடனும் எவ்வளவு என்ற தொடக்க இருப்பைக் கட்டினார்கள். தேசிய நகராட்சிக் கணக்குக் கையேடு 2004-இல்தான் வந்தது. நம் கணக்கர்கள் அதற்கு முன்பே அந்தப் பாதையில் நடந்துவிட்டார்கள். அந்த அனுபவத்தை யாரும் உட்கார்ந்து எழுதி வைக்கவில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இருப்பவர்களையாவது அழைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

சம்பள முரண்பாடு, பதவி உயர்வுப் பட்டியல், காலிப் பணியிடம், 1-4-2003 முதல் பணியில் சேர்ந்து பழைய ஓய்வூதியத் திட்டத்துக்குள் வராதவர்களின் ஓய்வூதியம் ஆகியவற்றைச் சங்கம் பேசித்தான் ஆக வேண்டும், பேசுகிறது. அதில் விளக்க ஒன்றும் இல்லை. ஒரு விஷயம் மட்டும்: மருத்துவக் காப்பீடும் குடும்பப் பாதுகாப்பு நிதியும் அரசுத் திட்டங்கள். அவை சங்கத்தில் சேராதவருக்கும் உண்டு. சங்கம் செய்யக்கூடியது, பணியிலிருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால் அந்த வீட்டுக்குப் போய், வாரிசுச் சான்றிதழிலிருந்து ஓய்வூதியக் கருத்துரு வரை கூட இருந்து முடித்துக் கொடுப்பது. நிதிக் கோப்பு எப்படி நகரும் என்று கணக்கருக்குத் தெரிவதுபோல் யாருக்குத் தெரியும்? இந்த உதவியைச் செய்யும் சங்கம் என்றால் நன்கொடையைத் தாராளமாகக் கொடுங்கள்.

காலிப் பணியிடம் பற்றிப் பேசும்போது, கோரிக்கை மனுவில் வேலைப்பளு என்று மட்டும் எழுதாமல், உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியத்தைப் பரிந்துரைத்த 15-ஆவது நிதிக்குழுவின் நிபந்தனையையும் எழுதச் சொல்லுங்கள். 2021 முதல் 2026 வரையிலான உள்ளாட்சி மானியத்தைப் பெற, முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கும் இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. கணக்கர் இருக்கை காலியாக இருந்தால் கணக்கு தாமதமாகும், கணக்கு தாமதமானால் மானியம் நிற்கும், மானியம் நின்றால் ஊரில் குப்பை அள்ளும் பணியும் குடிநீர்ப் பணியும் அடிவாங்கும். இதை மனுவில் வரிசையாக எழுதினால் மக்கள் உங்கள் பக்கம் நிற்பார்கள்.

உங்கள் கணவரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு விடை சட்டத்திலேயே இருக்கிறது. சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(இ) தருவது. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று தமிழ்நாட்டு வழக்கிலேயே 2003-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடத்தை விதிகளும் அதைத் தடுக்கின்றன, அரசியலில் ஈடுபடுவதையும் தடுக்கின்றன. இந்த எல்லைகளுக்குள் ஒரு கணக்கர் சங்கம் செய்ய வேண்டிய வேலையே ஒரு ஆயுளுக்குப் போதும்.

டிரான்ஸ்பர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இடமாற்றத்தை வைத்து ஆள் சேர்க்கும் சங்கத்தில், நிர்வாகிகளுக்கு வேண்டியவர்கள் நல்ல ஊரில் இருப்பார்கள், மற்றவர்கள் அலைவார்கள். இடமாற்றத்துக்குப் பொதுவான விதி வேண்டும், மூப்பும் உடல்நிலையும் குடும்பச் சூழலும் பார்க்கப்பட வேண்டும் என்று கேட்கிற சங்கம் வேறு. உங்கள் ஊரில் இருப்பது எது என்பது ஒரு கூட்டத்துக்குப் போனாலே தெரிந்துவிடும். கூட்டத்தை மாவட்டத் தலைநகரில் ராத்திரி ஏழு மணிக்கு வைத்தால் உங்களைப் போன்ற பெண்கள் எப்படி வருவது என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் சங்கத்தின் கடந்த ஆண்டு வரவு செலவு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்த சங்கம் கணக்கு வைக்கவும், அதைப் பொதுக்குழுவில் வைக்கவும் கடமைப்பட்டது. ஊர்க் கணக்கைச் சரியாக வைப்பவர்களின் சங்கக் கணக்கு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். மாநாட்டு மலருக்கு ஒப்பந்ததாரர்களிடம் விளம்பரம் வாங்குகிறார்களா என்பதையும் பாருங்கள். வாங்கினால் எழுந்து எதிர்த்துப் பேசுங்கள். பட்டியலை அனுமதிக்கும் கை விளம்பரத்துக்காக நீளக் கூடாது. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

இனி உங்கள் குறிப்பாணை. "எனக்குச் சம்பந்தமில்லை" என்று பதில் எழுதிவிடாதீர்கள். முதலில் நீங்கள் பொறுப்பேற்றபோது கையெழுத்திட்ட ஒப்படைப்புப் பட்டியலை எடுங்கள். இந்த முன்பணங்கள் அதில் இருக்கின்றனவா, இல்லையா? இல்லையென்றால் பதிலின் முதல் பத்தியே அதுதான். பிறகு முன்பணப் பதிவேட்டை வைத்து, ஒவ்வொன்றுக்கும் வவுச்சர் எண், தேதி, வாங்கியவர் பெயரும் பதவியும், காரியம், தொகை என்று ஒரு அட்டவணை போடுங்கள். பதிவேடே இல்லாவிட்டால் அந்தந்த ஆண்டின் ரொக்கப் புத்தகத்திலிருந்து எடுக்கலாம். இருப்புநிலைக் குறிப்பின் இணைப்பிலும் ஆண்டுதோறும் அந்தத் தொகை வந்துகொண்டிருக்கும். எந்த ஆண்டில் முதலில் தோன்றியது என்று பின்னோக்கிப் போனால் வேர் கிடைத்துவிடும். என் அனுபவத்தில் பழைய முன்பணங்களில் கணிசமானவை தேர்தல் செலவுக்கோ, அவசர மோட்டார் பழுதுக்கோ கொடுத்தவை. செலவுச் சீட்டைக் கொடுத்திருப்பார்கள், சரிக்கட்டும் ஜர்னல் பதிவை மட்டும் யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

வாங்கியவர்களில் இப்போதும் பணியில் இருப்பவர், ஓய்வு பெற்றவர், இறந்தவர் என்று அட்டவணையைப் பிரியுங்கள். பணியில் இருப்பவர்களுக்கு ஆணையர் கையெழுத்தில் கடிதம் போகட்டும். மீதிக்கு ஆவணம் தேட அவகாசம் கேட்டு எழுதுங்கள். அந்த வருஷங்களில் உங்கள் நகராட்சியில் கணக்கராக இருந்தவர் எங்கே இருக்கிறார் என்று சங்கத்தில் கேளுங்கள். எந்தச் செலவுக் கட்டு எந்த அலமாரியில் போனது என்று ஓய்வு பெற்ற கணக்கருக்கு நினைவிருக்கும். ஆதாரம் கிடைத்தவற்றைத் தணிக்கைத் தடை நிவர்த்திக்காகத் தணிக்கையாளரும் அலுவலகமும் சேர்ந்து உட்காரும் கூட்டமர்வில் வைத்தால் தடை நீங்கும். அதற்காகத்தான் அந்த அமர்வே நடக்கிறது, தணிக்கையாளரைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அட்டவணை தயாரானதும், பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். பதில் எழுத உதவுகிறேன்.

அன்புடன்.