லாரே பற்றிய கட்டுரை: உங்கள் ஆசிரியர் அந்த வரியை அடித்தது சரியா?

வணக்கம். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே பற்றிய உங்கள் கட்டுரையில், "1815 வாட்டர்லூ போரில்தான் லாரே ஆம்புலன்ஸ் வண்டியைக் கண்டுபிடித்தார்" என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அடித்தது சரிதான். அந்த யோசனை அவருக்கு வந்தது 1792இல், பிரான்சின் ரைன் படையில் இருந்தபோது. அப்போது மருத்துவ வண்டிகள் போர்க்களத்திலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. சண்டை ஓய்ந்த பிறகுதான் வந்து காயம்பட்டவர்களைப் பொறுக்குவார்கள். அதற்குள் பாதிப்பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். குதிரைப் பீரங்கிகள் விரைந்து இடம் மாறுவதைப் பார்த்த லாரே, மருத்துவமும் அப்படி ஓடினால் என்ன என்று யோசித்தார். இரண்டு பேரைப் படுக்க வைக்கும் இருசக்கர வண்டி, நான்கு பேருக்கு நாற்சக்கர வண்டி. 1797இல் இத்தாலியில் அது முழு அமைப்பாகவே ஆனது.

இன்னொரு பிரெஞ்சுப் படை மருத்துவரான பெர்சியின் வண்டியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது காயம்பட்டவர்களை அல்ல, அறுவை மருத்துவர்களைக் களத்துக்குக் கொண்டுபோனது.

இன்னொன்று: வண்டியை மட்டும் எழுதினால் ஆள் பாதிதான். பதவி பார்க்காமல், எதிரிப் படையா என்றும் பார்க்காமல், காயம் மோசமானவருக்கு முதலில் சிகிச்சை என்றார். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய விஷயம்.

வாட்டர்லூவை விட மனசில்லையா? அங்கே எதிரிப் படையான பிரஷ்யர்களிடம் பிடிபட்டு, சுடப்பட இருந்தவரை, அவருடைய வகுப்பைக் கேட்டிருந்த ஒரு மருத்துவர் அடையாளம் கண்டுகொண்டதால் தப்பினார். அதை எழுதுங்கள்.